நங்கூரத்துக்குக் கயிறு வேண்டும்

எனது அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு வெள்ளைத் துணி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் கரையெங்கும் நீலம் கலங்கி, மழையில் நனைந்த கொப்பியைப் போல இருக்கிறது. உற்றுப் பார்த்தால் சில லீலிப் பூக்களும் ஒன்றிரண்டு கோதுமைக் கதிர்களும் தெரியும். கோயில் பீடத்துக்கென நாங்கள் முதன்முதலில் அச்சடித்த துணி அது. இனி எதற்கும் உதவாது. ஆனாலும் எறிய மனம் வரவில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் கதையைத்தான் இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். கிளிநொச்சியில் வளர்ந்து, 2009இல் பதினேழு வயதில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து, செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தவள். பின்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். இன்று மன்னார் மாவட்டத்தின் ஒரு கரையோரக் கிராமத்தில் பெண் தலைமைக் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். அங்கே பதினொரு பெண்கள் சேர்ந்த தையல் குழு ஒன்று உண்டு. யுத்தம் முடிந்த பிறகு ஒரு நிறுவனம் அவர்களுக்கு மெசின்களைக் கொடுத்து, படம் எடுத்து, போய்விட்டது. தைத்ததை எங்கே விற்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடசாலைச் சீருடையும் வீட்டில் போடும் சட்டையும் தைத்தார்கள். கடையில் அதைவிட மலிவாகக் கிடைத்தது.

2024ஆம் ஆண்டு யூன் மாதம் பங்குச் சுவாமியார் எங்களைக் கூப்பிட்டார். செப்டெம்பர் 8ஆம் திகதி தேவமாதாவின் பிறந்தநாள். அதுவே அந்தக் கோயிலின் திருநாள். பீடத்துக்கும் வாசக மேடைக்கும் புதிய துணிகள் வேண்டும். கடையில் வாங்கிய பொலியஸ்டர் துணி ஒன்றைக் காட்டினார். பாத்திரமும் அப்பமும் திராட்சைக் குலையும் கலண்டர் படம் போல அதில் பளபளத்தன. "இதை வாங்கிப் போடலாம். ஆனால் உங்கட கையால செய்தால் இந்த ஊர்க் காசு இந்த ஊரிலேயே நிற்கும்" என்றார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அன்று இரவே கைத்தொலைபேசியில் பூ டிசைன் பத்துப் பன்னிரண்டு தேடி எடுத்தேன். அடுத்த நாள் அவற்றைப் பெண்களுக்குக் காட்டினேன். கோயில் துணிகளைத் துவைத்து வைக்கும் பொறுப்பில் பல வருடமாக இருக்கும் வயதான ஒருவர் அந்தக் குழுவில் இருக்கிறார். எல்லோரும் அவரைப் பெரியம்மா என்போம். அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு மிஸ். ஆனா இது என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. பூ ஏதாவது சொல்ல வேண்டுமா?

பெரியம்மா என்னைக் கோயிலின் பூசை உடுப்புகள் வைக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய மர அலுமாரியைத் திறந்தார். கற்பூர உருண்டையும் பழைய துணியும் கலந்த மணம். தட்டுத் தட்டாக நிறங்கள். அவர் ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். வெள்ளை, கிறிஸ்மஸ் காலத்துக்கும் உயிர்ப்புக் காலத்துக்கும் தேவமாதாவின் திருநாள்களுக்கும். சிவப்பு, குருத்தோலை ஞாயிறுக்கும் பெரிய வெள்ளிக்கும் பரிசுத்த ஆவியின் பெருநாளுக்கும் வேதசாட்சிகளுக்கும். மன்னாரில் சிவப்புக்கு விளக்கம் தேவையில்லை. 1544இல் விசுவாசத்துக்காக வெட்டுண்டவர்களின் மண் இது. ஊதா, திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும். பச்சை, மற்றைய சாதாரண ஞாயிறுகளுக்கு. இந்த ஒழுங்கின் பெரும்பகுதி 1570இல் ஐந்தாம் பத்திநாதர் பாப்பரசர் வெளியிட்ட பூசைப் புத்தகத்திலேயே உறுதியாகிவிட்டது என்று பின்னர் வாசித்து அறிந்தேன். முன்பு இறந்தவர்களின் பூசைக்குக் கறுப்பு. இப்போது பெரும்பாலும் ஊதாவோ வெள்ளையோ.

பிறகு ஒரு சிறிய சதுரத் துணியை எடுத்தார். பாத்திரத்துக்கும் அப்பத்துக்கும் கீழே விரிக்கும் திருமேனித் துகில் அது. மூன்றாக ஒரு பக்கமும் மூன்றாக மறுபக்கமும் மடித்தால் ஒன்பது சதுரம் வரும். துவைக்கும்போது முதல் அலசின தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்ற மாட்டார்கள். மண்ணில், கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும். "துகள் ஒண்டு ஒட்டியிருந்தாலும் அது ஆண்டவர் தானே" என்றார்.

புனிதமானது என்பது மற்றவற்றிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டது என்று டேர்கைம் 1912இல் எழுதியதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியவள் நான். அதன் பொருள் அந்த அறையில், ஒரு வாளித் தண்ணீரைப் பற்றிப் பேசியபோதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு பூ டிசைன் தேடுவதை நிறுத்தினேன். அடையாளங்களைப் படிக்கத் தொடங்கினேன். துணிகளில் அடிக்கடி காணும் மூன்று எழுத்துக்களை ஏதோ ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அது கிரேக்க மொழியில் யேசுவின் பெயரின் முதல் மூன்று எழுத்து. அல்பாவும் ஒமேகாவும் கிரேக்க நெடுங்கணக்கின் முதலும் கடைசியும். தொடக்கமும் முடிவும் அவரே என்பது கருத்து. லீலி, மாதாவின் தூய்மை. குருத்தோலை, வேதசாட்சிகளின் வெற்றி. தன் நெஞ்சைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் கூழைக்கடா, தன்னைக் கொடுத்த கிறிஸ்து. சிப்பி, யாத்திரை போகிறவர்களின் அடையாளம், சந்தியாகுமையாருக்கு உரியது.

கோதுமைக் கதிரில் ஒரு விவாதமே நடந்தது. எங்களில் ஒருவர்கூட கோதுமை விளைந்து நின்றதைக் கண்டதில்லை. கோதுமை என்றால் எங்களுக்கு நிவாரணத்தில் கிடைத்த மாவு. ஒரு தங்கச்சி வரைந்த கதிரைப் பார்த்து, "இது நெல்லு" என்று எல்லோரும் சிரித்தோம். நெல்லாகவே போடலாமே என்று நான் சொன்னேன். திருச்சபை எந்த ஒரு கலைப் பாணியையும் தனக்கே உரியதென்று எடுத்துக்கொண்டதில்லை என்று 1963இல் வத்திக்கான் சங்கமே சொல்லியிருக்கிறது அல்லவா? சுவாமியார் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பூசைக்கு எடுக்கிற அப்பம் கோதுமையாத்தான் இருக்கவேணும், அது சட்டம். அதால நடுவில கோதுமை இருக்கட்டும். கரையில நெல்லு வரட்டும். அது எங்கட நன்றி." அப்படியே நடுவில் கோதுமையும் கரையில் நெற்கதிரும் என்று முடிவானது.

இந்தத் தேடலில்தான் பியூஜின் என்ற ஆங்கிலேயரைப் பற்றி அறிந்தேன். 1812இல் பிறந்து நாற்பது வயதில் இறந்துபோனவர். இளவயதிலேயே கத்தோலிக்கரானவர். இலண்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் உள்வேலைப்பாடுகள் பல அவருடைய கையில் பிறந்தவை. கோயில் உடுப்புகளிலும் துணிகளிலும் பாவிக்கும் அலங்காரங்களுக்காக 1844இல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதன் படங்கள் கல்லச்சில் நிறம் நிறமாக அச்சடிக்கப்பட்டவை. 1849இல் பூ, இலை அலங்காரங்களுக்கென்றே இன்னொரு புத்தகம். பழைய காலத்து வேலைக்காரர்கள் உண்மையான செடிகளைப் பார்த்தே அலங்காரம் செய்தார்கள், ஆனால் இலையையும் பூவையும் தட்டையாக விரித்து, இடத்துக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தினார்கள் என்பது அவருடைய கருத்து. நிழல் போட்டு, துணியில் உண்மையான பூ கிடப்பதுபோல ஏமாற்றுவதை அவர் விரும்பவில்லை.

இதை நான் பெண்களுக்குச் சொன்னபோது அவர்களுக்கு அது புதிதாக இருக்கவில்லை. "கோலம் மாதிரி" என்றார் ஒருவர். கோலத்தில் தாமரைக்கு நிழல் போடுவோமா? இல்லை. ஆனாலும் அது தாமரைதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் கையிலிருந்த வசதிக்கும் இதுதான் பொருந்தியது. மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலோன் வலை, பிளேட்டால் வெட்டிய பிளாஸ்டிக் தாள், இறப்பர் பட்டி பொருத்திய பலகை, நிறக்கூழ். இவ்வளவுதான். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். நிழல் வேலைக்கு அதில் இடமே இல்லை. இன்னொன்றும் பழகினோம். கோயிலின் கடைசி வாங்கில் இருக்கும் கிழவிக்கும் தெரிய வேண்டும். சின்னச் சின்னப் பூவாக நிரப்பினால் தூரத்தில் அழுக்குப் போலத்தான் தோன்றும். பெரிதாகவும் குறைவாகவும் போட வேண்டும். பீடத்தின் மேற்பகுதி வெறும் வெள்ளையாக இருக்க வேண்டும். வேலைப்பாடு தொங்கும் கரையில்தான். நீளத்தை முதலில் அளந்து, மூலையில் கதிர் பாதியில் வெட்டுப்படாதபடி எண்ணிக்கையைப் பிரிக்க வேண்டும்.

யூலை மாதம் அச்சடித்தோம். இரண்டு நாள் வேலை. முடித்து விரித்தபோது எல்லோர் முகத்திலும் வெளிச்சம். மூன்றாம் நாள் பெரியம்மா, "கோயிலுக்குப் போறது, ஒருக்கா அலசிக் குடுப்பம்" என்று தண்ணீரில் போட்டார். நீலம் கரைந்து ஓடியது.

பிழை என்னுடையது. புதுத் துணியில் இருக்கும் கஞ்சியை முதலே துவைத்து எடுக்க வேண்டும். அச்சு நன்றாகக் காய்ந்த பின், மேலே ஒரு துணி போட்டு, தண்ணீர் தெளிக்காமல், சூடான ஸ்திரிக்கைப் பெட்டியால் ஒவ்வொரு இடத்தையும் சில நிமிடம் அழுத்த வேண்டும். சூடு பட்டால்தான் நிறம் நூலில் பிடிக்கும். நிறக்கூழ்ப் போத்தலில் அது எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. துணிக் காசும் நிறக் காசும் குழுவின் சேமிப்பிலிருந்து போனவை. அன்று இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் அடுத்த கிழமை வரவே இல்லை. அந்தக் காசில் பாதியை நான் கொடுத்தேன். மீதியைச் சுவாமியார் முற்பணமாகத் தந்தார். ஒகஸ்டில் மறுபடி அச்சடித்தோம். செப்டெம்பர் திருநாளில் அந்தத் துணி பீடத்தில் கிடந்தது. பக்கத்துப் பங்கு ஒன்றிலிருந்து ஓடரும் வந்தது.

சகோதரிகளே, நான் சொல்ல வந்த விடயம் இனித்தான் வருகிறது.

நவம்பர் 2ஆம் திகதி கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காகச் செபிக்கும் நாள். சேமக்காலையில் கல்லறைகளைத் துப்புரவாக்கி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவார்கள். அந்த நாளுக்கு ஒரு ஊதா நிற முன்சீலை செய்யலாம், அதன் கரையில் பூவுக்குப் பதிலாக ஊரில் இழந்தவர்களின் பெயர்களை வரிசையாக அச்சடிக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. பெயர்களே அலங்காரமாக ஓடும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அறிக்கையில் எழுதவும் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரு கொப்பியைக் குழுவில் சுற்ற விட்டேன். ஒவ்வொருவரும் பெயர் எழுதினார்கள். கணவன், தகப்பன், தங்கை, கைக்குழந்தை. எழுதும்போது சிலர் அழுதார்கள். கொப்பி ஓர் அக்காவிடம் வந்தது. அவ திறந்த பக்கத்தைப் பார்த்தா. பேனையை மூடி, கொப்பியை என் மடியில் வைத்தா.

"என்ட பிள்ளை செத்தவன் எண்டு உங்களுக்கு ஆர் மிஸ் சொன்னது?"

அவவின் மகன் 2009இல் காணாமல் போனவன். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் மகனின் படத்தோடு போய் இருந்தவ அவ. மன்னாரிலும் கொழும்பிலும் எத்தனையோ கந்தோர்களில் படிவம் நிரப்பிக் கொடுத்தவ. ஒரு கந்தோரிலாவது பதில் கிடைக்கவில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்தக் கொப்பியை நீட்டினேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு படம் உண்டு. எனது பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா. அந்தப் படத்துக்கு இன்றுவரை மாலை போடவில்லை, விளக்கு வைக்கவில்லை. வீட்டுக்கு வருகிற யாராவது "ஏன் போடேல்லை" என்று கேட்டால் அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விடுவா. மாலை என்பதும் ஓர் அலங்காரம்தான். ஆனால் அது போட்டவுடன் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது. எங்கள் வீட்டில் எனக்கு விளங்கியது, ஊதாத் துணியில் எனக்கு விளங்காமல் போனது ஏன்? நான் மிஸ் ஆக இருந்தபடியாலா?

அடுத்த நாள் அக்காவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தா. கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னா: "ஊதாவில பேர் போட்டா ஊர் முடிச்சுப்போடும் மிஸ். பிறகு நான் தேடினா விசரி எண்டு சொல்லும்." அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. துணியில் போடும் அச்சு வெறும் வடிவு இல்லை. கோயில் பீடத்தில் ஏறிய பிறகு அது ஊரின் வாக்கு.

கொப்பியைக் குழுவின் முன் வைத்துப் பேசினோம். பெயர் எழுதிய சிலருக்கும் அதைத் துணியில் போட மனமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மிஸ் கேட்டபடியால் எழுதினோம் என்றார்கள். கடைசியில் ஊதாத் துணியில் பெயர் எதுவும் போடவில்லை. வெள்ளைச் சிலுவை ஒன்று மட்டும். விரும்பியவர்கள் பெயர்களைக் கடதாசியில் எழுதிப் பீடத்தடியில் இருந்த பெட்டியில் போட்டார்கள். அக்கா அன்று கோயிலுக்கு வரவில்லை. அதற்கு யாரும் அவவிடம் காரணம் கேட்கவில்லை.

நவம்பர் 2க்குப் பிறகு திருவருகைக் காலம் தொடங்கும்வரை ஞாயிறுகள் பெரும்பாலும் மறுபடியும் பச்சை. வாசக மேடைக்குப் பச்சைத் துணி ஒன்று செய்ய வேண்டியிருந்தது. என்ன அடையாளம் போடுவது என்று இந்த முறை நான் முடிவு செய்யவில்லை. எனது கொப்பியில் இருந்ததை எல்லாம் வாசித்தேன். மீன், சிப்பி, மயில், நங்கூரம். நங்கூரம் என்றதும் அக்கா நிமிர்ந்து பார்த்தா.

"அது ஏன் கோயிலில?"

ஆதிக் கிறிஸ்தவர்கள் உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் அதைச் செதுக்கினார்கள் என்றேன். எபிரேயருக்கு எழுதிய நிருபத்தில் நம்பிக்கை ஆன்மாவின் நங்கூரம் என்று வருவதைப் பெரியம்மா சொன்னார். மேலே இருக்கும் குறுக்குத் தண்டு சிலுவையாகவும் தெரியும். அக்கா நான் வைத்திருந்த படத்தை வாங்கிப் பார்த்தா. பார்த்துவிட்டுச் சிரித்தா. கனகாலத்துக்குப் பிறகு அவ சிரித்ததைக் கண்டேன்.

"கயிறு எங்க மிஸ்? கயிறில்லாத நங்கூரம் கடலுக்கடியில கிடக்கிற இரும்பு. ஆருக்கு உதவும்?"

எங்கள் வள்ளங்களில் இருப்பது நாலு கொழுக்கி உள்ள நங்கூரம், படத்தில் இருப்பது இரண்டு கை உள்ளது என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. சிலுவை தெரிய வேண்டும் என்பதால் பழைய வடிவமே இருக்கட்டும் என்றார்கள். ஆனால் கயிறை அக்காதான் வரைந்தா. வளையத்தில் முடிச்சுப் போட்டு, அது துணியின் மேற்கரை வரை வளைந்து வளைந்து போகும்படி. அந்த முடிச்சு கடலுக்குப் போகிறவர்கள் போடும் முடிச்சு என்று எல்லோருக்கும் தெரிந்தது. பிளாஸ்டிக் தாளையும் அவவே வெட்டினா. அச்சடித்த அன்று ஸ்திரிக்கைப் பெட்டியைக் கையில் எடுத்தவவும் அவதான். "இதையாவது ஒழுங்காச் சூடு காட்டுவம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னா.

இன்று அந்தக் குழு மூன்று பங்குகளுக்குத் துணி செய்கிறது. பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். திருநாள்களுக்கு முன்னால் வேலை குவியும்; இடையில் மாதக்கணக்கில் ஒன்றும் இராது. ஆனால் விலை சொல்லப் பழகியிருக்கிறார்கள். முதலில் துணிக்கும் நிறத்துக்கும் மட்டும் கணக்குப் பார்த்தோம். இப்போது வெட்டிய நேரம், அச்சடித்த நேரம், ஸ்திரிக்கை போட்ட நேரம், மின்சாரம் எல்லாம் கொப்பியில் ஏறுகிறது. யாராவது "கடையில் மலிவு" என்றால், இந்தக் கதிர் என்ன, இந்தச் சிப்பி என்ன என்று எடுத்துச் சொல்கிறார்கள். வாங்குகிறவருக்குத் தெரியாததை விற்கிறவர் சொல்லும்போது பேரம் குறைகிறது என்பதை நான் கண்ணால் கண்டேன்.

இப்படியான வேலையில் இறங்க நினைக்கும் சகோதரிகளுக்கு ஒன்றிரண்டு சொல்லி முடிக்கிறேன். முதலில் கோயிலின் காலக் கலண்டரைக் கேட்டு வாங்குங்கள். எந்த நிறம் எப்போது தேவை என்று அதில் இருக்கும். துணியைத் துவைத்த பின்பே அச்சடியுங்கள். ஒரு சிறு துண்டில் அச்சடித்து, சூடு காட்டி, அலசிப் பார்த்த பின் பெரிய துணியில் கை வையுங்கள். போடும் அடையாளம் என்ன சொல்கிறது என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு மனம் உண்டா என்று உங்களையும் கேளுங்கள். மனம் இல்லையென்றால், மிஸ் சொன்னாலும் சுவாமியார் சொன்னாலும், கொப்பியை மூடித் திருப்பிக் கொடுக்கலாம்.

அந்த அக்கா இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறா. எங்கள் வீட்டுப் படத்துக்கும் இன்னும் மாலை ஏறவில்லை. பச்சை ஞாயிறுகளில் வாசக மேடையில் அந்தத் துணி தொங்குகிறது.